சுட்டி எருமையின் ஈரல்

கீழக்கண்மாய்ப்பட்டி,
சமயநல்லூர் வழி.
20.1.1980

அன்புத் தம்பி தவசிக்கு அக்கா சோலையம்மாள் எழுதுறது. நானும் உன் பொஞ்சாதி அன்னக்கொடியும் சொகமா இருக்கோம். அங்க பனி கடுமைன்னு எழுதியிருந்த. காதுக்குத் துணி கட்டிக்க. சின்னதுலேருந்தே உனக்குக் காது வழியாத்தான் சளி எறங்கும்.

பொங்கல் நல்லபடியாப் போச்சு. கார்த்திகை மழைக்குக் கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாஞ்சது. இப்பத் தண்ணி வத்த வத்த, கரையோரம் புல்லு மெத்தையா வந்துருக்கு. அன்னக்கொடி தெனம் ரெண்டு கட்டு அறுத்துட்டு வந்துருவா. கூழைவாலு, சுட்டி, கெடேரி மூணு எருமையும் பொழுது சாயுற வரைக்கும் அந்தச் சகதியிலதான் கெடக்குது. புல்லுக்கு இந்த வருசம் பஞ்சமே இல்ல. ஆனா எருமைக எளச்சுக்கிட்டே வருது. இது எனக்கு வெளங்கல.

மாட்டுப் பொங்கலன்னைக்குக் குளிப்பாட்டி, கூழைவாலு கழுத்துல மாலை போடும்போது கையில மெத்துன்னு பட்டுச்சு. தாடைக்குக் கீழ ஒரு பை தொங்குது. அமுக்குனா வெரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்குது. வலிக்கிற மாதிரியும் தெரியல. காலையில பாத்தா பாதியா வத்திப் போகுது, மேஞ்சிட்டு வந்தா மறுபடி தொங்குது. யாரோ ஊதி விட்டு, யாரோ புடுங்கி விட்ட மாதிரி இருக்கு. ரெண்டு நேரமும் சேத்து ஆறு லிட்டர் கறந்தது இப்ப ஒண்ணரைதான். வீரணன் மாமா வந்து கழுத்துல சூடு போட்டாரு. ஒண்ணும் கேக்கல.

எங்க வீட்டுக்காரரு தவறிப் போயி நான் அப்பன் வீட்டுக்கு வந்து பதினோரு வருசமாச்சு. எத்தனையோ மாட்ட வளத்துட்டேன், இப்படி ஒரு சீக்கப் பாத்ததில்ல. உங்க பட்டாளத்துல கோவேறு கழுதைக்கெல்லாம் டாக்டரு இருக்காருன்னு சொன்னயே, அவருகிட்டக் கேட்டு எழுது.

ஒடம்பப் பாத்துக்க.

உன் அக்கா
சோலையம்மாள்

*

கேம்ப், 56 ஏ.பி.ஓ.
5.2.1980

பாசமுள்ள அக்காவுக்கு, தம்பி தவசி வணங்கி எழுதுவது. உன் கடிதம் வந்தது. நான் நல்ல சுகம். காதுக்குத் துணி கட்டித்தான் இருக்கிறேன். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எருமைக்கு வந்தது சளிக்கட்டிதான். இதற்கெல்லாம் டாக்டர் சாபைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே கோவேறு கழுதைகளுக்கும் தொண்டையில் இப்படி வரும், பத்து நாளில் உடைந்துவிடும். பூண்டும் மிளகும் தட்டி உருட்டிக் கொடு. பயப்படாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். புல் நிறைய இருந்தும் மாடு இளைக்கிறது என்றால் எனக்கு வேறு யோசனை வருகிறது. தொழுவத்துக்குள் யார் யார் போய் வருகிறார்கள்? உழவு வேலைக்கு வரும் சங்கிலி போன வருசம் நம்மோடு சண்டை போட்டுப் போய், பிறகு திரும்பி வந்தவன். தவிட்டில் எதையாவது கலந்துவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்? கண்ணை வைத்திரு.

கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் லீவு முடிந்து வந்துவிட்டேன். அன்னக்கொடி எட்டாவது படித்தவள்தானே, எனக்கு ஒரு வரி எழுதினால் என்ன என்று கேள்.

அன்புத் தம்பி
தவசி

*

கீழக்கண்மாய்ப்பட்டி,
26.2.1980

தம்பிக்கு அக்கா எழுதுறது. நாங்க இருக்கோம். முழங்காலு அப்படியேதான் இருக்கு, அதை விடு.

கூழைவாலு செத்துப் போச்சு. பூண்டு மிளகு எல்லாம் குடுத்தேன். கடைசி ஒரு வாரம் சாணி தண்ணியாப் போச்சு. கண்ணோட உள்ளெமையப் பிதுக்கிப் பாத்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பொட்டு ரத்தம் இல்ல. உச்சிவெயில்ல படுத்தது எந்திரிக்கல. கண்மாய்க் கரையில பொதச்சோம்.

இப்பச் சுட்டிக்கும் தாடை தொங்குது, அதுக்கும் கழுத்துல சூடு போட்டுப் பாத்தாச்சு. சுட்டி என் கையில பொறந்து வளந்த எரும. நெத்தியில அந்த வெள்ளைய வெச்சுக்கிட்டு அது என்னைப் பாக்கும்போது நான் வேற பக்கம் திரும்பிக்கிறேன்.

மனசு கேக்காமக் குறி கேக்கக் கோடாங்கிகிட்டப் போனேன். வெளிய தேடாத, வீட்டுக்குள்ள தேடுன்னு சொல்லிட்டான். அதுலேருந்து சோறு எறங்கல. தொழுவத்துக்குப் போறது யாரு, புல்லு போடுறது யாரு, தண்ணி காட்டுறது யாருன்னு நெனச்சு நெனச்சு மண்டை கொழம்புது. இல்லன்னும் தோணுது, இருக்குமோன்னும் தோணுது. நேராக் கேட்டா தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாப்ல இருக்கு. குத்தம் இல்லாதவங்க எதுக்குத் தரையப் பாக்கணும்?

நம்ம சோத்தத் தின்னுக்கிட்டு ஒரு கை இப்படிச் செஞ்சா என்ன செய்யணும்? நீதான் ஆம்பள, நீ சொல்லு.

அன்னக்கொடி இருக்கா. எழுதச் சொன்னேன்.

உன் அக்கா

*

கேம்ப், 56 ஏ.பி.ஓ.
14.3.1980

அக்காவுக்கு, தவசி எழுதுவது. இங்கே நான் சுகம். நீ சாப்பிடாமல் கிடக்காதே.

கூழைவால் செத்ததைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. நான் அப்பவே எழுதினேன், நீ காதில் வாங்கவில்லை. நேரே கேட்டால் தரையைப் பார்க்கிறவனுக்கு மேற்கொண்டு என்ன சாட்சி வேண்டும்? உன் கடிதத்தில் பேர் இல்லை. இருந்தாலும் யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கடிதத்தில் பேர் எழுதி வம்பு வளர்க்க வேண்டாம்.

முகம் பார்க்காதே. எத்தனை நாள் நம்ம சோறு தின்ற கையாக இருந்தாலும் இன்றைக்கே வெளியே அனுப்பு. என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. நான் லீவில் வரும்போது அந்த முகம் நம் வாசலில் இருக்கக் கூடாது. இது என் முடிவு என்றே சொல்லி அனுப்பு.

அன்னக்கொடியைப் பயப்பட வேண்டாம் என்று சொல். புது இடம், பாவம், இந்தக் கூத்தெல்லாம் பார்த்து மிரண்டு போயிருப்பாள். ஆவணியில் கட்டாயம் வருகிறேன் என்று சொல்.

தம்பி
தவசி

*

கீழக்கண்மாய்ப்பட்டி,
8.4.1980

தம்பிக்கு அக்கா எழுதுறது. சொகம். உன் சொகத்துக்கு எழுது.

நீ சொன்னபடியே செஞ்சிட்டேன். வெளிய அனுப்பியாச்சு.

அன்னக்கொடி வண்டியூர்ல அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. அவ அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையாம். வர நாளாகும்.

சுட்டிக்கு இன்னும் வீக்கம் வத்தல. எல்லாம் சரியாப் போயிரும்னுதான் நெனச்சேன். கெடேரியும் இப்ப மந்தமா நிக்கிது. அனுப்பிப் பதினஞ்சு நாளாச்சே, இன்னும் ஏன் இப்படின்னு தெரியல. வெயிலு ஏறிருச்சு. கண்மாயில நடுவுல மட்டுந்தான் தண்ணி. புல்லு அறுக்க இப்ப நானே போறேன்.

வேற ஒண்ணும் இல்ல.

அக்கா

*

கேம்ப், 56 ஏ.பி.ஓ.
25.4.1980

அன்புள்ள அக்காவுக்கு, தவசி எழுதுவது. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்து இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இவ்வளவு சின்னதாக நீ எனக்கு எழுதினதே இல்லை.

வண்டியூர் விலாசத்துக்கு அன்னக்கொடிக்கு இரண்டு கடிதம் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அத்தைக்கு அவ்வளவு முடியவில்லையா? என்ன வியாதி?

காய்ச்சலில் கிடந்தபோது, எங்கள் கழுதைகளைப் பார்க்கும் டாக்டர் சாப் என் கூடாரப் பக்கம் வந்தார். பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். எருமை விஷயத்தைச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணீர் ஓரப் புல்லா? அங்கே நத்தை இருக்கிறதா?" என்று கேட்டார். எருமைக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. "நத்தை இல்லாத கண்மாய் ஏது சாப்?" என்றேன். "செத்த எருமையின் ஈரலைப் பார்த்தீர்களா?" என்றார். புதைத்துவிட்டோம் என்றேன். "புழுவாக இருக்கும். இருக்கிற மாடுகளையாவது உடனே காட்டச் சொல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாடை வீங்கினதற்கு ஈரலை ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கும் மாட்டாஸ்பத்திரியில் காட்டு.

இன்னொன்று. சங்கிலியைத்தானே அனுப்பினாய்? நேற்று அவனிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. "அண்ணே, சுட்டிக்கு ரொம்ப முடியல, நான்தான் கூட இருந்து பாக்குறேன்" என்று யாரிடமோ சொல்லி எழுதியிருக்கிறான்.

அக்கா, யாரை அனுப்பினாய்?

தவசி

*

தெற்குவாசல், மதுரை.
12.5.1980

அன்புள்ள சகோதரி சோலையம்மாளுக்கு, கறிக்கடை அப்துல் லத்தீப் எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் வீட்டில் சபியாவும் பிள்ளைகளும் நலம். உங்களுக்கும் நல்ல சுகத்தைக் கேட்டு துஆ செய்கிறோம். உங்களிடம் பால் வாங்கிய ஆறு வருஷத்தில் இப்படி ஒரு விஷயத்துக்கு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. மனம் வருத்தப்பட வேண்டாம்.

நேற்று அறுப்புக்கு வந்த உருப்படிகளில் ஒன்று நெற்றியில் வெள்ளையோடு நின்றது. கழுத்தில் சூட்டுத் தழும்பு. உங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்த சுட்டி என்று உடனே தெரிந்துவிட்டது. சந்தையில் தள்ளிவிட்டீர்கள் போல. நிற்கவே முடியாமல்தான் நின்றது.

அறுத்து ஈரலை எடுத்தார்கள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நல்ல ஈரல் கத்தி பட்டதும் வெண்ணெய் மாதிரி விலகும். இதுவோ சுருங்கி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வடுக் கட்டி, கட்டை மாதிரி இருந்தது. உள்ளே பித்தம் ஓடும் குழாயெல்லாம் விரல் தடிமனுக்குத் தடித்துக் கிடந்தது. அறுத்தால் மணலில் கத்தி போன மாதிரி கரகரவென்று சத்தம். ஒரு குழாயைப் பிளந்தால் தட்டைத் தட்டையாக, சின்ன வெற்றிலைக் கொழுந்து மாதிரிப் புழுக்கள். உயிரோடு நெளிகின்றன. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அறுப்புக்கூடத்து டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த மாட்டுக்குத் தாடை வீங்கியிருக்குமே?" என்றார். ஆமாம் என்றேன். புழு ஈரலைத் துளைத்து ரத்தத்தைக் குடித்துவிடுகிறதாம். ரத்தம் நீர்த்துப் போய், மாடு தலையைக் குனிந்து மேயும்போது அந்த நீர் தாடையில் இறங்கி நிற்கிறதாம். தலை நிமிர்ந்து படுத்தால் வடிந்துவிடுமாம்.

ஈரலில் ஒரு துண்டைப் புழுவோடு பாட்டிலில் மருந்து ஊற்றி வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சம் இருக்கிற மாட்டைக் காப்பாற்ற வேண்டும், உடனே வாருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த புது மருமகளையும் கூட்டி வாருங்கள், சபியா பார்க்க வேண்டும் என்கிறாள்.

அப்துல் லத்தீப்

*

கீழக்கண்மாய்ப்பட்டி,
3.6.1980

தம்பி தவசி, அக்கா எழுதுறேன். உன் காய்ச்சல் முழுசா விட்டுச்சா? என் சொகத்தக் கேக்காத. நீ கேட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எழுத உக்காந்தா கை ஓடல.

அனுப்புனது சங்கிலிய இல்ல. அன்னக்கொடிய.

கோடாங்கி சொன்னதுல பாதியத்தான் உனக்கு எழுதுனேன். "புதுசா வந்த கை"ன்னு சொன்னான். நம்ம வீட்டுக்குப் புதுசா வந்தது அவ ஒருத்திதான். புல்லு அறுத்துப் போட்டதும் அவதான். கூப்பிட்டு வெச்சு, "என்னடி செஞ்ச?"ன்னு கேட்டேன். தரையப் பாத்துக்கிட்டு நின்னா. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுருப்பேன். சொல்லல. அப்பத்தான் உன் கடுதாசி வந்துச்சு. நீ சங்கிலியத்தான் நெனச்சு எழுதுறன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அதை அவ முன்னால வாசிச்சேன். "முகம் பார்க்காதே"ன்னத வாசிச்சேன். "இது என் முடிவு"ன்னத வாசிச்சேன். அதுக்குக் கீழ அவளப் பத்தி நீ எழுதுனத மட்டும் வாசிக்காம மடிச்சுட்டேன். அவ சேலைய மடிச்சு எடுத்துக்கிட்டு நடந்துட்டா. பஸ் வரைக்கும் கூட நான் போகல.

அவ அம்மாவுக்குச் சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல.

சுட்டி நிக்க மாட்டாம, நான் அதைச் சந்தையில வித்துட்டேன். கறிக்கடை லத்தீப் பாய் அதோட ஈரலப் பாத்துட்டுக் கடுதாசி போட்டாரு, போயிப் பாத்தேன். பாட்டிலுக்குள்ள அந்த ஈரல் துண்டு. வெளிய எடுத்துத் தொட்டுப் பாக்கச் சொன்னாரு. காஞ்ச மண்ணாங்கட்டி மாதிரி இருந்துச்சு. இத உள்ள வெச்சுக்கிட்டா அது எனக்கு இத்தன நாள் பால் குடுத்துச்சுன்னு அங்கேயே உக்காந்துட்டேன். சபியா தண்ணி குடுத்து, "மருமக வரலயாக்கா?"ன்னு கேட்டா. ஊருக்குப் போயிருக்கான்னு அங்கயும் பொய்தான் சொன்னேன்.

அப்பறம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வெளக்கிச் சொன்னாங்க. சாணியில போற முட்டை தண்ணியில பொரிஞ்சு, நத்தைக்குள்ள பூந்து வளந்து, வெளிய வந்து தண்ணியோரப் புல்லுல ஒட்டிக்கிருமாம். கண்ணுக்குத் தெரியாதாம். அந்தப் புல்லத் தின்னா நேரா ஈரலுக்குப் போயிருமாம். கெடேரிக்கு எடை பாத்து மருந்து குடுத்தாங்க. இன்னும் ஒரு தடவ குடுக்கணும். இப்ப அசை போடுது.

தம்பி, புல்லு அறுத்தது அன்னக்கொடிதான். ஆனா தண்ணியோரம் போயி அறுடி, அங்கதான் பசுமையா இருக்குன்னு அனுப்புனது நான். அப்ப யாரு கை அது? எனக்கு ஒண்ணும் வெளங்கல. புழுன்னு தெரிஞ்சதும் மனசு லேசாகும்னு நெனச்சேன். முன்ன விட இப்பத்தான் கனமாக் கெடக்கு.

போன செவ்வாக்கெழம வண்டியூர் வரைக்கும் போனேன். தெப்பக்குளத்துப் படியில ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, அவ வீட்டுக்குப் போகாமத் திரும்பி வந்துட்டேன்.

திட்டியாவது எழுது.

அக்கா

*

கேம்ப், 56 ஏ.பி.ஓ.
17.6.1980

அக்காவுக்கு, தவசி.

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்டி எழுதின கடிதம் ஒன்று. படித்துப் பார்த்தால், அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் மார்ச் மாசம் நான் எழுதினதுதான். முகம் பார்க்காதே, கேட்டுக்கொண்டிருக்காதே. அதே கை, அதே எழுத்து.

பேர் எழுத வேண்டாம் என்று எழுதினவன் நான். டாக்டர் சாபிடம் ஜனவரியிலேயே கேட்கச் சொன்னாய். எல்லாம் தெரிந்தவன் மாதிரி சளிக்கட்டி என்று எழுதினவனும் நான்தான். அப்படி இருந்தும் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். கடைசி வரிகளை நீ வாசிக்காமல் மடித்ததை என்னால் தாண்டி வர முடியவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. உன் மேல் கோபப்படுவது எப்படி என்று கூட எனக்குத் தெரியாது.

லீவை முன்கூட்டியே தரச் சொல்லிக் கேட்டேன். கிடைக்காது, ஆவணிதான் என்றுவிட்டார்கள். அதுவரை கடிதத்தில் சமாதானம் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எழுதுவது ஒன்று, அங்கே போய்ச் சேருவது வேறொன்றாக இருக்கிறது.

நீ போ. தெப்பக்குளத்தோடு திரும்பாதே. என் மார்ச் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

தவசி

*

வண்டியூர்,
12.7.1980

மாமாவுக்கு அன்னக்கொடி எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சொகம். உங்களுக்குக் காய்ச்சல் வந்ததுன்னு மதினி சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு?

நீங்க இந்த வெலாசத்துக்குப் போட்ட ரெண்டு கடுதாசியையும் நான் பிரிக்கல. அதுலயும் என்னைப் போகச் சொல்லித்தான் இருக்கும்னு நெனச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன். மதினி வந்துட்டுப் போன பெறகுதான் பிரிச்சேன். ரெண்டுலயும் ஏன் எழுதல, ஏன் எழுதலன்னு கேட்டிருக்கீங்க. படிக்கும்போது அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. எது மொதல்ல வந்துச்சுன்னு சொல்லத் தெரியல.

மதினி ரெண்டு வாரத்துக்கு முன்னால வந்தாங்க. உள்ள வரல. வாசல்ல நின்னுக்கிட்டே உங்க கடுதாசியக் கையில குடுத்து, "கடைசியப் படிடி"ன்னாங்க. படிச்சேன். "நான் மறைச்சுட்டேன்"னாங்க. அம்மா சத்தம் போட்டுச்சு. மதினி எல்லாத்தையும் நின்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க அப்படி நின்னு நான் பாத்ததில்ல. பாக்க நல்லாவும் இல்ல.

நான் ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கலன்னு கேட்டாங்க. அவங்ககிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன். பொங்கலுக்கு முன்னால ஒரு நாள், புல்லு போடும்போது கூழைவாலு என்னை எத்தி விட்டுருச்சு. தொடை கன்னிப்போயி ரெண்டு நாள் நடக்க முடியல. அந்த ஆத்திரத்துல, "நீ செத்துத் தொலைய மாட்டியா?"ன்னு திட்டிட்டேன். அதே வாரம் தாடை வீங்குச்சு. அப்பறம் செத்தும் போச்சு. மதினி என்னடி செஞ்சன்னு கேட்டப்ப, நான்தான் செஞ்சேன்னு எனக்கே தோணுச்சு. அப்பறம் எப்படி இல்லன்னு சொல்ல? நீங்களும் அப்படி எழுதிட்டதாக் கேட்டதும், எங்கயோ தூரத்துல இருக்குற மனுசனுக்குக் கூடத் தெரிஞ்சு போச்சேன்னுதான் நடந்தேன். மூணு மாசம் என் வாயில வெசம் இருக்குன்னு நெனச்சே யார்கிட்டயும் சரியாப் பேசல.

இப்பப் புழுன்னு சொல்றாங்க. மதினி பாட்டிலக் கொண்டு வந்து காட்டுனாங்க. அந்தப் புழுவப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மதினி பயந்துட்டாங்க.

கெடேரிக்கு ரெண்டாந்தடவ மருந்து குடுக்க ஆளு வேணும். அது மதினிக்கு வாயத் தொறக்க மாட்டேங்குது, எனக்குத் தொறக்கும். போயிக் குடுத்துட்டு வந்தேன். வாரத்துல ரெண்டு நாள் காலையில போறேன், வெயில் தாழ வண்டியூருக்கே திரும்பிருறேன். புல்ல இப்ப மேட்டுக்காட்டுல அறுக்குறோம். கெணத்துத் தண்ணிதான் காட்டுறோம். நானும் மதினியும் மாட்டப் பத்தி மட்டும் பேசிக்கிறோம். மத்தத எப்படித் தொடங்குறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நேத்து எனக்குச் சோறு போட்டு வெச்சிட்டு வெளிய போயிட்டாங்க. நான் சாப்பிட்டு முடிச்ச பெறகுதான் உள்ள வந்தாங்க.

அங்கயே தங்கிரலாம்னு ஒரு நாள் தோணுது. இனிமே அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு மறுநாள் தோணுது. அம்மா ஒண்ணு சொல்லுது, பக்கத்து வீட்டு ராமக்காள் ஒண்ணு சொல்லுது. நீங்க கடுதாசியில எதுவும் சொல்ல வேண்டாம். எனக்குக் கடுதாசி மேல இப்ப நம்பிக்கை இல்ல.

ஆவணியில வருவீங்கன்னு மதினி சொன்னாங்க. எந்தத் தேதின்னு மட்டும் ஒரு கார்டுல போடுங்க. நான் ரயில் டேசனுக்கு வாரேன். மதினியும் வாரேன்னு சொல்றாங்க, வரட்டும். வெளிய வந்ததும் உங்க ஊருக்குப் போற சமயநல்லூர் பஸ்ஸும் நிக்கும், வண்டியூர் பஸ்ஸும் நிக்கும். நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு எதுல ஏறப் போறீங்கன்னு நான் என் கண்ணால பாக்கணும்.

ஒடம்பப் பாத்துக்கங்க.

அன்னக்கொடி